ஓரத்தில் நிற்பவரின் முகம்

பழைய அகலக்கோண லென்ஸ்களில் நமக்கு உகந்தது எது?

வீட்டில் ஒரு விசேஷம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் வாடகைக்கு எடுத்த பத்தடிக்குப் பத்தடி அறை. பதினோரு பேர் இரண்டு வரிசையாகச் சுவரை ஒட்டி நிற்கிறார்கள். படம் எடுப்பவர் எதிர்ச்சுவரில் முதுகு முட்டும்வரை பின்வாங்கியாயிற்று. அப்போதும் கேமராவுக்குள் நடுவில் உள்ள நாலைந்து பேர்தான் தெரிகிறார்கள். "அத்தை, கொஞ்சம் உள்ளே வாங்க. மாமா, நீங்க அவரோட நெருங்கி நில்லுங்க" என்று கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழியாகப் படம் எடுக்கப்படுகிறது. கழுவி வந்த பிறகு பார்த்தால், ஓரத்தில் நின்ற பெரியம்மாவின் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. அவருக்கு அதுவே கடைசிப் படமாகவும் அமைந்துவிடுவதுண்டு.

கொல்கத்தாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் காட்சி புதிதல்ல. தகப்பனார் வாங்கி வைத்த பிலிம் கேமரா இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதை எடுத்துத் துடைத்து மறுபடியும் பிலிம் போட்டுப் பார்க்கும் ஆசை இளைஞர்களிடையே தலைதூக்கியிருக்கிறது. அவர்களில் பலர் முதலில் தேடுவது ஓர் அகலக்கோண லென்ஸைத்தான். எஸ்பிளனேடில் மெட்ரோ சினிமாவை ஒட்டியுள்ள, 'மெட்ரோ கலி' என்று ஊரே அழைக்கும் சந்துக்குப் போனால், பழைய கேமராக்களும் லென்ஸ்களும் விற்கும் கடைகளைக் காணலாம். அங்கே எதைக் கேட்பது, எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியாமல் போனால் கைக்காசு போய்விடும். முகமும் கிடைக்காது.

அந்தக் காலத்துப் பெரிய ஸ்டூடியோக்களில் இந்தத் தொல்லை கிடையாது. 1860களில் சிம்லாவில் தொடங்கிப் பின்னர் கல்கத்தாவில் நிலைபெற்ற போர்ன் அண்ட் ஷெப்பர்ட் போன்ற நிறுவனங்களில் பின்வாங்க இடம் தாராளமாக இருந்தது. எஸ்பிளனேடில் இருந்த அந்த ஸ்டூடியோவில் 1991ல் தீப்பிடித்துப் பழைய படங்கள் பெருமளவு எரிந்து போயின. 2016ல் அது மூடப்பட்டும் விட்டது. நம்முடைய ஸ்டூடியோ நம் வீட்டு அறைதான். ஆகவே கணக்கை அறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அறைக்கு ஏற்ற கணக்கு

35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அகலம் 36 மி.மீட்டர், உயரம் 24 மி.மீட்டர். லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண் அதன் குவிய தூரம். எண் குறையக் குறையப் பார்வை விரியும். சாதாரணமாகக் கேமராவோடு வரும் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 46 டிகிரி பார்க்கும். 35 மி.மீ. லென்ஸ் சுமார் 63 டிகிரியும், 28 மி.மீ. சுமார் 75 டிகிரியும், 24 மி.மீ. சுமார் 84 டிகிரியும் பார்க்கும்.

டிகிரிக் கணக்கைவிட அடிக்கணக்கு நமக்குச் சுலபம். தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் எண்ணால் வகுத்தால் படத்தில் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். பத்தடி அறையில் நிற்பவர்களுக்கு ஓர் அடி, படம் எடுப்பவரின் உடம்புக்கு ஒன்றரை அடி என்று கழித்தால் மிஞ்சுவது ஏழரை அடி. அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸில் அடங்குவது சுமார் ஐந்தரை அடி அகலம்தான். 35 மி.மீ. லென்ஸில் ஏழே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவாக அடங்கும். 28 மி.மீ. லென்ஸில் ஒன்பதரை அடிக்கு மேல் அடங்கும். அதாவது அறையின் அகலம் ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். 24 மி.மீ. லென்ஸில் பதினொன்றே கால் அடி. பக்கத்துச் சுவரும் கொடியில் தொங்கும் துணியும் சேர்ந்து வரும்.

இவ்வளவையும் பார்த்தால் 28தான் சரி என்று தோன்றும். ஆனால் அவசரப்பட வேண்டாம். படம் எடுப்பவர் நிலைவாசலில் நின்றுகொண்டால் ஒன்றரை அடி கூடுதலாகக் கிடைக்கும். ஒன்பதடி தூரத்தில் 35 மி.மீ. லென்ஸ் ஒன்பதே கால் அடி அகலத்தைப் பிடித்துவிடுகிறது. 28 உள்ளே நின்று செய்யும் வேலையை 35 வாசலில் நின்று செய்துவிடும். இந்த ஒன்றரை அடி ஏன் முக்கியம் என்பதற்குக் காரணம் ஓரத்தில் இருக்கிறது.

ஓரத்தில் நேர்வது என்ன?

அகலக்கோணப் படங்களில் ஓரத்தில் நிற்பவரின் தலை பக்கவாட்டில் அகன்று, பூசணிக்காய்போல் தெரிவதைப் பலர் கவனித்திருப்பார்கள். இது லென்ஸின் கோளாறு என்று நினைத்து விலையுயர்ந்த லென்ஸைத் தேடுகிறவர்கள் உண்டு. அது வீண். வளைந்து பரந்த காட்சியைத் தட்டையான பிலிமில் பதிக்கும்போது ஓரங்கள் இழுபடுவது இயற்கை விதி. எவ்வளவு உயர்ந்த லென்ஸானாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

இழுபடும் அளவையும் கணக்கிடலாம். படத்தின் வலது இடது விளிம்பில் உள்ள உருண்டையான பொருள் 50 மி.மீ. லென்ஸில் உயரத்தைவிட நூற்றுக்கு 6 பங்கு அகலமாகத் தெரியும். 35 மி.மீ. லென்ஸில் 12 பங்கு, 28ல் 19 பங்கு, 24ல் 25 பங்கு. நூற்றுக்கு 12 என்பது கண்ணுக்கு உறுத்தாது. 25 என்பது ஆளையே மாற்றிவிடும். கைபேசியில் எடுக்கும் குடும்பப் படத்திலும் இதே கதைதான். பெரும்பாலான கைபேசிகளின் முதன்மை லென்ஸ் இந்தக் கணக்கில் 24 முதல் 28 மி.மீ. வரையில் உள்ளது.

பரிகாரம் எளிது. எல்லோரையும் நேர்க்கோட்டில் நிறுத்தாமல் இரு கோடியில் உள்ளவர்களைச் சற்று நடுவை நோக்கி நிற்கச் செய்யலாம். படத்தின் இருபுறமும் ஒரு முழ இடம் வெறுமையாக விடுவது அதைவிடச் சிலாக்கியம். அந்த இடத்தில் பீரோவோ கதவோ இருந்துவிட்டுப் போகட்டும். பீரோ அகன்றால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். கேமராவை நெஞ்சு மட்டத்தில், மேலேயோ கீழேயோ சாய்க்காமல் பிடிக்க வேண்டும். மேல் நோக்கிச் சாய்த்தால் நிலைப்படியும் தூணும் உச்சியில் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்துவிடும்.

லென்ஸுக்கு ஏன் இந்தப் பெரிய முகம்?

28 மி.மீ. லென்ஸைக் கையில் எடுத்தால் முன்புறக் கண்ணாடி பெரிதாக, ஒளியை விரிக்கும் வகையில் இருப்பதைக் காணலாம். இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராவில், பிலிமுக்கும் லென்ஸுக்கும் நடுவே மேலும் கீழும் அசையும் கண்ணாடி ஒன்று உண்டு. நிக்கான் கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். அப்படியிருக்க, 28 மி.மீ. லென்ஸைப் பிலிமிலிருந்து 28 மி.மீ. தள்ளி வைப்பது எப்படி? கண்ணாடி இடிக்குமே.

பிரான்ஸ் நாட்டின் ஆன்ஜெனியே நிறுவனம் 1950ல் இதற்கு விடை கண்டது. தொலைநோக்கு லென்ஸின் அமைப்பைத் தலைகீழாக்கி, முன்னால் ஒளியை விரிக்கும் கண்ணாடியை வைத்து, லென்ஸ் பிலிமிலிருந்து தள்ளி நின்றே அகலமாகப் பார்க்கும்படி செய்தது. அந்த 35 மி.மீ. எஃப்/2.5 லென்ஸுக்கு 'ரெட்ரோஃபோகஸ்' என்று பெயர். கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் யேனா நிறுவனம் அதே காலத்தில் ஃப்ளெக்டகான் என்ற 35 மி.மீ. லென்ஸைச் செய்தது. இன்று கடைகளில் காணும் பழைய ரிஃப்ளெக்ஸ் அகலக்கோண லென்ஸ்கள் இந்த வழியில் வந்தவையே.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நேரடிப் பிரயோஜனம் உண்டு. சோவியத் நாட்டு ஜூபிட்டர்-12 என்னும் 35 மி.மீ. லென்ஸ் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். அது கண்ணாடி அசையாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கானது. அதன் பின்புறக் கண்ணாடி பிலிமை நெருங்கும் அளவுக்கு உள்ளே நீண்டிருக்கும். ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்கு அது உதவாது. இன்னொரு எச்சரிக்கை: யாதவ்பூரில் இயங்கிய நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் செய்த 'நேஷனல் 35' கேமரா வீட்டில் இருந்தால், அதன் லென்ஸைக் கழற்றி மாற்ற இயலாது. அதற்கென்று அகலக்கோண லென்ஸ் தேடி அலைய வேண்டாம்.

கடையில் காணக்கூடியவை

முதலில் கேமராவைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். நிக்கானுக்கு நிக்கான் வாய், கேனானுக்குக் கேனான் வாய், ஒலிம்பஸுக்கு ஒலிம்பஸ் வாய். ஜெனித், பிராக்டிகா, பழைய பென்டாக்ஸ் ஆகியவற்றில் 42 மி.மீ. திருகு மரை பொதுவானது. அந்த லென்ஸ்கள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் மாற்றிப் போடத்தக்கவை.

திருகு மரைக் கேமரா வைத்திருப்பவர்களுக்குச் சோவியத் நாட்டு மிர்-1 ஒரு நல்ல தேர்வு. 37 மி.மீ., எஃப்/2.8. ஃப்ளெக்டகானின் வழியில் அமைந்தது. 1958ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அந்தச் செய்தி சில லென்ஸ்களின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கனமான பண்டம். எதிர்வெளிச்சத்தில் படம் சற்று வெளுக்கும். ஆனால் எஃப்/8ல் வைத்து எடுத்தால் முகங்கள் தெளிவாக வரும். பென்டாக்ஸின் டாக்குமர் 35 மி.மீ. எஃப்/3.5 அதைவிடச் சிறியது, சட்டைப் பையில் அடங்கும். 1971 முதல் வந்த டாக்குமர்களில் ஏழடுக்குப் பூச்சு உண்டு. ஜன்னலையோ எரியும் குத்துவிளக்கையோ பார்த்து எடுக்கும்போது அந்தப் பூச்சின் அருமை தெரியும்.

நிக்கானில் 28 மி.மீ. எஃப்/2.8 என்ற பெயரிலேயே இரண்டு தரம் உண்டு. 1981ல் வந்த ஏஐ-எஸ் வகையில் எட்டுக் கண்ணாடிகள். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே கண்ணாடிகளின் இடைவெளியும் மாறி ஓரங்களைத் திருத்தும் ஏற்பாடு அதில் இருக்கிறது. 20 செ.மீ. வரை நெருங்கலாம். இந்த ஏற்பாடு நிக்கானில் முதன்முதலாக 1967ல் 24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் வந்தது. 'சீரீஸ் ஈ' என்று எழுதிய 28 மி.மீ. லென்ஸில் ஐந்து கண்ணாடிகளே உள்ளன. மேற்படி ஏற்பாடு கிடையாது. ஆனால் ஏழெட்டு அடி தூரத்தில் எஃப்/8ல் எடுக்கும் குடும்பப் படத்துக்கு அது போதும். ஒரே எண் எழுதியிருக்கிறது என்று முன்னதின் விலையைப் பின்னதுக்குக் கொடுத்துவிடக் கூடாது. 1977ல் நிக்கான் அப்பர்ச்சர் வளையத்தின் அமைப்பை மாற்றியது. அதற்கு முந்திய லென்ஸை எஃப்.எம்.2 போன்ற பிற்காலக் கேமராவில் பலவந்தமாக மாட்டினால் கேமரா சேதப்படும்.

விவிட்டார் என்ற பெயரில் வரும் 28 மி.மீ. லென்ஸ்களை அந்த நிறுவனம் தானே செய்யவில்லை. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் செய்தவரைச் சொல்லும். 22 என்றால் கிரோன், 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. பெயர் பெற்ற நிறுவனங்களின் லென்ஸைவிட இவை பொதுவாக மலிவு. நல்ல நிலையில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

எஃப்/2.8க்கும் எஃப்/3.5க்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மடங்கு வெளிச்சம். ஃபிளாஷ் போட்டு எஃப்/8ல் எடுப்பவருக்கு இதனால் லாபம் இல்லை. ஒலிம்பஸ் ஜுய்க்கோ 28 எஃப்/3.5, பென்டாக்ஸ் டாக்குமர் 28 எஃப்/3.5 போன்ற 'மெதுவான' லென்ஸ்கள் சிறியவை, மலிவானவை, ஓரங்களில் கூர்மையானவை. சம்பளக்காரர்களுக்கு இவையே உசிதம்.

கொலுப்படிச் சோதனை

லென்ஸை வாங்குமுன் ஒரு பிலிம் சுருள் எடுத்துப் பார்க்கக் கடைக்காரரிடம் அவகாசம் கேட்பது நல்லது. செய்தித்தாள்களை விரித்துச் சுவரில் ஒட்டி, படத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து விழும்படி எடுக்க வேண்டும். முழுத் திறப்பில் ஒன்று, எஃப்/5.6ல் ஒன்று, எஃப்/11ல் ஒன்று. பிறகு பிலிமைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். முழுத் திறப்பில் மூலைகள் மங்குவது சகஜம். எஃப்/5.6க்குப் பிறகும் மங்கினால் லென்ஸ் சரியில்லை. இடது மூலை தெளிவாகவும் வலது மூலை மங்கலாகவும் இருந்தால், யாரோ கழற்றி மாட்டியதில் கண்ணாடி இடம் பிசகியிருக்கக்கூடும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

நேர்க்கோடுகள் வளைவது இன்னொரு விஷயம். ஓரத்து முகம் இழுபடுவது வேறு, இது வேறு. இது மெய்யாகவே லென்ஸின் குறை. நவராத்திரிக் கொலு வைத்திருக்கும் வீட்டில் இதைச் சோதிப்பது சுலபம். கேமராவை நேராக வைத்துப் படிகளை எடுத்தால், மேல் படியும் கீழ்ப் படியும் பீப்பாயின் பக்கங்களைப்போல் வெளியே வளைகின்றனவா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் வளைவது பெரும்பாலான பழைய லென்ஸ்களில் உண்டு. அதற்காக ஒதுக்க வேண்டாம்.

மழைக்காலப் பகைவன்

கொல்கத்தாவில் பழைய லென்ஸ் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பெயரையல்ல, பூசணத்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர்க் காற்றில் ஈரம் நீங்குவதில்லை. தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்த லென்ஸில் பூசணம் சிலந்தி வலைபோல் படரும். ஆரம்பத்தில் துடைத்து எடுக்கலாம். நாள்பட்டால் பூச்சை அரித்து, கண்ணாடியிலேயே தடம் பதித்துவிடும். பிறகு அதைச் சுத்தம் செய்தாலும் படம் வெளுக்கும்.

சோதிக்கும் முறை இது. அப்பர்ச்சரை முழுவதும் திறந்து, பின்புறம் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து முன்புறமிருந்து பார்க்க வேண்டும். நூல் நூலாகத் தெரிந்தால் பூசணம். பனிமூட்டம்போல் தெரிந்தால் எண்ணெய் ஆவி படிந்தது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் இரு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது. இரண்டொரு தூசிக்குப் பயப்பட வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். எண்ணெய் பட்டு மெதுவாக அசைந்தால் படத்தில் வெளிச்சம் அதிகமாகிவிடும்.

வாங்கிய லென்ஸைத் தோல் உறையில் வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். நீல நிற மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடியும் நீலமாகும். சமையலுக்குப் பயன்படும் வாணலியில் வறுக்கக் கூடாது. வாரம் ஒரு முறையாவது லென்ஸை வெளியே எடுத்துப் புழங்குவது எல்லாவற்றிலும் நல்ல மருந்து.

வேட்டியும் வெளிச்சமும்

அகலக்கோண லென்ஸோடு பழைய ஃபிளாஷ் விளக்கைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல ஃபிளாஷ் விளக்குகளின் ஒளி 35 மி.மீ. லென்ஸின் பார்வை அளவுக்குத்தான் பரவும். 28 மாட்டினால் நடுவில் நிற்பவர் பளிச்சென்றும் ஓரத்தில் நிற்பவர் இருட்டிலும் இருப்பார்கள். பாதிக்கப்படுவது மறுபடியும் அதே பெரியம்மாதான்.

இதற்கு இந்த ஊரே வழி காட்டியிருக்கிறது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956ல் வெளிவந்தது. காசியின் வீட்டு முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட்டாக அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளை அதன்மேல் திருப்பி, துணியில் பட்டுத் திரும்பிய மென்மையான ஒளியில் படம் பிடித்தார். திறந்த வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தைப்போலவே அது அமைந்தது. நாமும் ஃபிளாஷை நேரே அடிக்காமல் வெள்ளை அடித்த கூரையை நோக்கித் திருப்பலாம். கூரை அழுக்காக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டலாம். ஒளி அறை முழுவதும் பரவும், ஓரத்திலும் விழும். இரண்டு ஸ்டாப் அளவுக்கு அப்பர்ச்சரைக் கூடுதலாகத் திறந்துகொண்டால் போதும்.

வீதிக்குப் போனால்

வெளியில் 28 மி.மீ. லென்ஸுக்கு வேறொரு சௌகரியம் உண்டு. எஃப்/8ல் வைத்து ஃபோகஸைச் சுமார் பத்தே முக்கால் அடியில் நிறுத்திவிட்டால், ஐந்தரை அடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக இருக்கும். 50 மி.மீ. லென்ஸில் இதே அப்பர்ச்சரில் சுமார் பதினேழு அடிக்கு அப்பால்தான் இந்தத் தெளிவு கிடைக்கும். தேயிலைக் கம்பெனி வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்து, அது கிடைக்காமல் புகைப்படத் துறைக்குத் திரும்பி உலகப் புகழ் பெற்றவர் ரகுபீர் சிங். கல்கத்தாவின் வீடும் வீதியும் பற்றி 1988ல் அவர் ஒரு புத்தகமே வெளியிட்டார். கிட்டத்தில் ஒரு முகம், எட்டத்தில் ஒரு வீதி, இரண்டும் ஒரே படத்தில் நிறைந்திருப்பது அவர் பாணி. ஓரங்களையும் வீணாக்காமல் நிரப்பியவர் அவர்.

முடிவாக, முதல் அகலக்கோண லென்ஸ் வாங்குபவர் 24ஐ நாட வேண்டியதில்லை. நிலைவாசலிலோ வராந்தாவிலோ பின்வாங்க இடமிருந்தால் 35. நான்கு சுவருக்குள்ளேயே நின்றாக வேண்டுமென்றால் 28. பூசணம் பிடித்த பெரிய பெயரைவிடச் சுத்தமான சிறிய பெயர் மேல். மிச்சப்படும் பணத்தில் நாலு பிலிம் சுருள் வாங்கலாம். 'இந்து' பிலிம் தயாரித்த நம் உதகமண்டலத்துத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டதால், இன்று பிலிமும் சிக்கனமாகச் செலவிட வேண்டிய பொருளாகிவிட்டது.

படம் கைக்கு வந்ததும் பின்புறத்தில் இடமிருந்து வலமாகப் பெயர்களையும் தேதியையும் பென்சிலால் எழுதி வைக்க மறக்க வேண்டாம். நடுவில் இருப்பவர் யாரென்று பேரப்பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிவிடுவார்கள். ஓரத்தில் நின்றவரைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.